தையல் மெஷின் அளவு சத்தம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சித்தி எங்கள் வீட்டோடு இருக்க வந்தாள். கையில் இரண்டு பைகள். முதுகில் ஒரு கிட்டார். அவளுக்குப் பின்னால் இரண்டு கண்டக்டர்கள், மூச்சு வாங்க, ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"என்னடி இது, ஃபிரிட்ஜா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லக்கா. ஆம்ப்ளிஃபையர். கிட்டாருக்கு."

"ஃபிரிட்ஜா இருந்தாப் பாலாவது வைக்கலாம்" என்றாள் அம்மா.

சித்தி டவுன் பஸ் ஓட்டுபவள். எங்கள் ஊர் டிப்போவுக்கு மாற்றலாகி வந்திருந்தாள். அப்பாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். அம்மா வீட்டிலேயே துணி தைப்பாள். எங்களுடையது இரண்டு அறை வீடு. முன்னறையில் அம்மாவின் தையல் மெஷினும் துணி மூட்டைகளும். உள்ளறையில் நாங்கள் படுப்போம். அந்த உள்ளறைச் சுவரோரமாகக் கறுப்புப் பெட்டி போய் உட்கார்ந்துகொண்டது, வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி.

மறுநாள் மதியம் சித்தி வேலை முடிந்து வந்தாள். கிட்டாரை எடுத்து, ஒயரைப் பெட்டியில் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். ஒரு சத்தமும் வரவில்லை.

"கெட்டுப்போச்சா சித்தி?"

"பொறு, சுண்டு. சூடாகட்டும்." அவள் என்னைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவாள். "பின்னாடி வந்து பாரு. தொடாத."

பெட்டியின் பின்பக்கம் ஒரு கம்பி வலை. அதற்குள் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றின் நடுவிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

"இதுக்குப் பேர்தான் வால்வு. அந்தக் காலத்து ரேடியோவுலயெல்லாம் இதான் இருக்கும். சூடானாத்தான் பேசும்."

சூடான தூசியின் வாசனை அறையெங்கும் பரவியது. இப்போதும் எங்காவது பழைய பல்பு சூடாகும் வாசனை வந்தால், நான் அந்த உள்ளறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றும்.

சித்தி கம்பிகளை ஒருமுறை மீட்டினாள். அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுத்தன. முன்னறையில் அம்மாவின் ஊசி டப்பா மேசையிலிருந்து குதித்தது. ஆனால் அந்த ஒலி! வெயிலில் காய்ந்த போர்வைக்குள் புகுந்துகொண்டது போல இருந்தது எனக்கு.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

பக்கத்து வீட்டு ரொட்டி மாமா நின்றுகொண்டிருந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டிருந்தார். தலைமுடி ஒரு பக்கம் மட்டும் எழுந்து நின்றது. ஒரு கண் இன்னும் திறக்கவே இல்லை.

அவருக்குப் பேக்கரியில் வேலை. ஊரெல்லாம் தூங்கும்போது அவர் மாவு பிசைவார். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டால், இரவு எட்டு மணிவரை அவருக்குத் தூக்கம்.

"எனக்குச் சண்டை போடத் தெரியாதும்மா" என்றார் மெதுவாக. "தூங்க மட்டும்தான் தெரியும். இன்னிக்கு அதுவும் முடியல."

அவர் கோபமாகக் கத்தியிருந்தால்கூடச் சித்திக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. "மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது" என்று நான்கு முறை சொன்னாள்.

அவர் போனபின் சத்தத்தைக் குறைத்து வாசித்துப் பார்த்தாள். பெரிய பயில்வான் ஒருவர் போர்வைக்குள் முனகுவது போல் கேட்டது.

"ஏன் சித்தி இப்படி ஆயிடுச்சு?"

"இது முப்பது வாட், சுண்டு. மேடைக்காகச் செஞ்ச பெட்டி. வால்வுக்கு ஒரு குணம் உண்டு. நல்லா வேலை வாங்கினாத்தான் நல்லாப் பாடும். குறைச்சு வெச்சா அதுவும் தூங்கிடும்."

"அப்ப ராத்திரி எட்டு மணிக்கு மேல வாசி. மாமா எழுந்திருப்பார்."

"எட்டு மணிக்கு நான் படுத்தாத்தானே, விடியறதுக்கு முன்னாடி முதல் பஸ்ஸை எடுக்க முடியும்?"

அவர் எழும்போது இவள் தூங்குவாள். இவள் வாசிக்கும்போது அவர் தூங்குவார். நான் எப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை.

அடுத்த வாரம் இசைக்குழுக்காரர்கள் சிலர் வேனில் வந்து கறுப்புப் பெட்டியை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். சித்தி கிட்டாரை ஒரு பழைய சேலையில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தாள்.

"இடம் மிச்சம்" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். நான் அவளுக்கு முகத்தைக் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. பேசியவரின் குரல் சித்தியின் காதைத் தாண்டி அறை முழுவதும் கேட்டது.

"ஏய், நான்தான்! டமாரம் பேசறேன்!"

டமாரம் அக்கா, சித்தியின் கல்லூரித் தோழி. தோழிகள் நால்வரும் சேர்ந்து அந்த நாளில் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். முதல் நாள் ஒத்திகைக்கு ஒரே குடையில் நான்கு பேரும் நனைந்துகொண்டே போனதால், குழுவுக்கு 'ஈரக்குடை' என்று பெயர். டமாரம் அக்கா டிரம்ஸ் வாசிப்பவர். இப்போது வெளிநாட்டில் இருந்தார்.

"ரெண்டு மாசத்துல ஊருக்கு வர்றேன். பழைய மாணவிகள் கூடற நாள். நம்ம காலேஜ் ஹால்ல நாலு பேரும் சேர்ந்து வாசிக்கறோம். மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. நீதான் பாக்கி!"

சித்தி அலமாரியின் மேலிருந்த சேலை மூட்டையைப் பார்த்தாள்.

"நான் வரலடி" என்றாள் பிறகு. "பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு விரலெல்லாம் மரத்துப்போச்சு. பழகாம மேடை ஏறினா மானம் போயிடும். வேற யாரையாவது பாருங்க."

"யோசிச்சுச் சொல்லு! அடுத்த வாரம் மறுபடி பேசறேன்!" என்று டமாரம் அக்கா போனை வைத்தார்.

சித்தி சாப்பிட உட்கார்ந்தாள். வலது கை சாப்பிட்டது. இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அதன் விரல்கள் இல்லாத கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சின்னதா ஒரு பெட்டி வாங்கலாமே சித்தி?" என்றேன்.

"சின்னதோ பெரிசோ, அவர் தூக்கம் கெடும். பாவம், ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி நிக்கிற மனுஷன்."

அது உண்மைதானா? யாரும் மாமாவிடம் கேட்கவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். மாமா வந்தார். புருவமெல்லாம் வெள்ளையாக மாவு.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? எந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு முழிப்பு வரும்?"

மாமா அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல. 'தூங்கறீங்களா?'ன்னு கேட்டே எழுப்பிடுவாங்க."

"பஸ் ஹாரன்?"

"எழுந்திருக்க மாட்டேன்."

"கீழ் வீட்டு நாய்?"

"ம்ஹும். அது பாட்டுக்குக் குரைக்கும்."

"நான் ஸ்கிப்பிங் ஆடறது?"

"நீ ஸ்கிப்பிங் ஆடறியா?"

"அம்மாவோட தையல் மெஷின்?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "அது ஓடினாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஞாயித்துக்கிழமை உங்கம்மா தைக்கிறதில்ல பாரு, அன்னிக்குப் பூரா புரண்டு புரண்டு படுப்பேன்."

"அப்ப கிட்டாருக்கு மட்டும் ஏன் எழுந்தீங்க?"

அவர் யோசித்தார். "ரொம்பச் சத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுகூடப் பரவாயில்ல. நடுநடுவுல 'டும்', 'டும்'னு ஒண்ணு வந்துச்சு. அது காது வழியா வரல. கட்டில் கால் வழியா ஏறி வந்து முதுகுல தட்டுச்சு. 'எழுந்திரு, எழுந்திரு'ன்னு."

நான் ஓடிப்போய் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: 'சத்தம் தையல் மெஷின் அளவுதான் இருக்கலாம். டும் கூடாது.'

அதைச் சித்தியிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"சரி" என்றாள். "போய்ப் பாத்துட்டு மட்டும் வரலாம். வாங்கறதா இருந்தா, என் சம்பளத்துல பாதிக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை இசைக்கருவிக் கடைக்குப் போனோம். கடை அண்ணன் ஒல்லியாக, உயரமாக, தோள்வரை முடி வைத்திருந்தார்.

"வாங்க மேடம்! இதைப் பாருங்க, நாப்பது வாட். ஒரு தட்டு தட்டினா ஜன்னல் கண்ணாடி நொறுங்கும்!"

"எங்களுக்குக் கண்ணாடி வேணும்" என்றேன்.

"வீட்டுல பழகறதுக்குத்தான்" என்றாள் சித்தி. "சின்னதா, விலை குறைவா. ஆனா வால்வா இருக்கணும்."

"வீட்டுக்குன்னா வால்வு எதுக்கு மேடம்? இந்தச் சின்ன மெஷின்ல ஹெட்போனைச் செருகுங்க. யாருக்கும் தொந்தரவே இல்ல."

சித்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். எனக்குக் கம்பி உரசும் 'டிக் டிக்' மட்டும் கேட்டது.

"எப்படி இருக்கு சித்தி?"

"காதுக்குள்ள கொசு கச்சேரி பண்ணுது. உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"அப்ப யாருக்காக வாசிக்கிறது?" என்று அதைக் கழற்றிவிட்டாள்.

அண்ணன் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். ஐந்து வாட். சின்னது. வால்வு. சூடாகும்வரை மூன்று பேரும் பேசாமல் நின்றோம். பிறகு சித்தி வாசித்தாள். அதே வெயில் போர்வை! சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது! விலையும் அவள் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது. அவள் பர்ஸைத் திறந்துவிட்டாள்.

நான் மட்டும் கடைக்கு வெளியே போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"சித்தி, வாசி!" என்று கத்தினேன்.

முப்பதில் ஆறில் ஒரு பங்குதான் ஐந்து. சத்தமும் ஆறில் ஒரு பங்காகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் தெருவில் போகிற ஒருவர் நின்று, எங்கிருந்து பாட்டு வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். என் முதுகில், லேசாக, 'டும்.'

மறுபடி உள்ளே போனேன். சித்தியின் முகம் இன்னும் பளபளவென்று இருந்தது. 'சரியாக இருக்கிறது' என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ரொட்டி மாமாவின் திறக்காத ஒரு கண் நினைவுக்கு வந்தது.

"மெஷினை விட ஜாஸ்தி, சித்தி" என்றேன்.

அவள் பர்ஸை மூடினாள்.

"எந்த மெஷின்?" என்று அண்ணன் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னோடு வெளியே வந்து, அதே சுவரில் முதுகை வைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"நாலு வருஷமா விக்கிறேன்" என்றார். "எல்லாரும் பெட்டிக்கு முன்னாடி நின்னுதான் கேப்பாங்க. இந்தப் பக்கம் வந்து கேட்டது நீதான் முதல் ஆள்."

உள்ளே வந்து சித்தியிடம் சொன்னார்: "மேடம், வாட் ஆறுல ஒரு பங்கானா, காதுக்குப் பாதிதான் குறைஞ்ச மாதிரி தெரியும். உங்களுக்கு வேண்டியது ஒரு வாட். அதை இங்க யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்க வைக்கிறதில்ல. ஆனா என் பல் டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்கு. விக்கணும்னு சொல்லிட்டிருந்தார்." கன்னத்தைத் தடவிக்கொண்டே ஒரு சீட்டில் முகவரி எழுதித் தந்தார். "பழைய பெட்டி வாங்கறப்ப ஒண்ணு பாருங்க. குமிழைத் திருகினா கரகரன்னா, வெறும் தூசிதான். வாசிக்காதப்பவே 'ம்ம்ம்'னு உரக்க உறுமினா வாங்காதீங்க. செலவு வெச்சிடும்."

சித்தி அவரிடம் ஒரு டஜன் கிட்டார் கம்பிகளாவது வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

மறுநாள் மாலை பல் டாக்டரின் கிளினிக். சுவரில் ஒரு பெரிய பல் படம். அது எங்களைப் பார்த்துச் சிரித்தது. வீங்கிய கன்னத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவர் நாற்காலியில் முனகிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "யாருக்குப் பல்?"

"பல் இல்ல டாக்டர். பெட்டி" என்றேன்.

டாக்டரின் கண்கள் பளிச்சென்றாயின. வீங்கிய கன்னக்காரரிடம், "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எங்களைப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனார்.

மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அது இருந்தது. என் பள்ளிக்கூடப் பை அளவுதான். கிரீம் நிறத் துணி போர்த்திய முகம், ஒரு மூலையில் காபிக் கறை. உள்ளே இரண்டே வால்வுகள்.

"படிக்கிற காலத்துல வாங்கினது" என்றார் டாக்டர். "நோயாளிங்க வராத நேரத்துல பழகலாம்னு இங்க கொண்டு வந்து வெச்சேன். நான் உள்ள வாசிச்சா, வெளிய உக்காந்திருக்கிறவங்க, 'டாக்டர் என்னமோ பெரிய மெஷினை எடுத்துட்டார்'னு எழுந்து ஓடிப்போயிடறாங்க."

சித்தி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். உறுமல் இல்லை. குமிழைத் திருகினாள். கரகரவென்றது.

"தூசிதான். ஆனாலும் அதுக்காக விலையைக் குறைச்சுக்கறேன்" என்றார் டாக்டர் உடனே.

நான் வெளி அறைக்கு வந்து, வீங்கிய கன்னக்காரருக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். உள்ளே சித்தி வாசிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் மெஷின் சத்தத்தோடு ஒப்பிட வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு, "டகடகடகடக" என்று வாயால் மெஷின் ஓட்டினேன். கண்ணைத் திறந்தபோது வீங்கிய கன்னக்காரர் ஒரு நாற்காலி தள்ளிப் போயிருந்தார்.

"அந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று அவரைக் கேட்டேன்.

அவரால் பேச முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கீழே அவருடைய செருப்பு மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். "மெஷின் அளவுதான், சித்தி! அதே அளவு!"

சித்தி பணத்தைக் கொடுத்தாள். டாக்டர் பெட்டியை ஒருமுறை தடவினார். "கடைசியா ஒரு தடவை வாசிச்சுக்கட்டுமா? எனக்கு ரெண்டே ரெண்டு கார்டுதான் தெரியும்."

சித்தி தன் கிட்டாரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அந்த இரண்டு சுரக்கூட்டுகளையும் மாற்றி மாற்றி வாசித்தார். நரைத்த மீசையோடு அவர் நின்றதைப் பார்க்கும்போது, பரீட்சைக்குப் படிக்காமல் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனை என்னால் பார்க்க முடிந்தது. வெளியிலிருந்து, "ஆஆஆ" என்று ஒரு குரல் வந்தபின்தான் அவருக்கு நினைவு வந்தது.

"ஐயோ, பல்லு!" என்று ஓடினார். ஓடும்போதே திரும்பி, "பின்பக்கத்தை மட்டும் திறந்துடாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும்!" என்றார்.

பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். கனத்தது. ஆனாலும் சித்தியிடம் கொடுக்கவில்லை.

ஆனால் உண்மையான பரீட்சை இனிமேல்தான். அடுத்த நாள் பள்ளிக்கு விடுமுறை. மதியம் ரொட்டி மாமாவிடம் போய், "உங்க கட்டில்ல நான் கொஞ்ச நேரம் படுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

தலையணையில் சுட்ட ரொட்டியின் வாசனை. கையைக் காலை நீட்டிப் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி வாசிக்கத் தொடங்கினாள். சத்தம் மெல்லியதாகத்தான் வந்தது. நன்றாகவே இருந்தது. அப்புறம், முதுகில், 'டும்.'

"மாமா, வருது!" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் சித்தி பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ பண்ணினதே பெரிசு, சுண்டு. விடு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னறைக்குப் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். மெஷின் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய இரும்பு மெஷின். இந்தச் சின்னப் பெட்டியைவிடப் பத்து மடங்கு கனம். இது மட்டும் எப்படி மாமாவின் முதுகைத் தட்டாமல் இருக்கிறது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். மெஷினின் நான்கு கால்களுக்கும் கீழே பழைய கம்பளியை மடித்து மடித்து வைத்துத் தைத்த நான்கு தடித்த மெத்தைகள்.

"அம்மா, இது எதுக்கு?"

"அதுவா? தரை அதிராம இருக்கத்தான். நீ பிறக்கறதுக்கு முன்னாடி வெச்சது" என்றாள் அம்மா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் எழுந்த வேகத்தில் தலை மேசையில் இடித்தது.

"சித்தி! பெட்டியைத் தரையில வைக்காத! சுவர்கிட்டயும் வைக்காத!"

இருவருமாகப் பெட்டியை மாமா வீட்டுச் சுவரிலிருந்து எதிர்மூலைக்கு நகர்த்தினோம். ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் குளிர்காலப் போர்வையை நான்காக மடித்து வைத்தோம். அம்மா வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். பிறகு கம்பளித் துண்டுகளை எடுத்து, மடித்து, மெஷினில் விட்டு, நாற்காலிக் கால்களுக்கும் நான்கு மெத்தைகள் தைத்துத் தந்தாள். பெட்டி அந்தச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தது.

மறுபடி கட்டிலுக்கு ஓடினேன். படுத்தேன். காத்திருந்தேன்.

அம்மாவின் மெஷின் எப்போதும் போல ஓடுவது கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், அதற்குப் பின்னால், நூல் போல, ஏதோ ஒன்று. முதுகில் ஒன்றுமே இல்லை.

மாமா கட்டில் காலைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இப்ப வாசிக்கிறாங்களா?"

"வாசிச்சுட்டுத்தான் இருக்காங்க மாமா!"

"அப்படியா!" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது லேசாக வாடியது. "அன்னிக்குப் பத்து நிமிஷம் கேட்டேன். நல்ல பாட்டு. இனிமே நான் எப்பதான் முழுசாக் கேக்கறது?"

நான் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அங்கே சித்தி போனில் கத்திக்கொண்டிருந்தாள். டமாரம் அக்காவிடம் பேசும்போது யாராக இருந்தாலும் கத்தத்தான் வேண்டும் போலிருக்கிறது. "வர்றேன்டி! ஆமா, வர்றேன்!"

அந்த இரண்டு மாதங்களின் மதியங்களை நான் மறக்கவே மாட்டேன். பள்ளி விட்டு வந்தால் உள்ளறை அரையிருட்டாக இருக்கும். நாற்காலிக்குப் பின்னால் இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள் ஒளிரும். சித்தி ஒரே வரியை இருபது முறை வாசிப்பாள். விரல் நுனிகள் சிவந்து, பிறகு தடித்து, பிறகு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தன. முன்னறையில் ஓடும் மெஷின்தான் அவளுக்குத் தாளம். அம்மா நூலை வெட்ட நிறுத்தினால் சித்தியும் நிற்பாள். மெஷின் கிளம்பினால் அவளும் கிளம்புவாள். நான் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த வருடம் என் கையெழுத்துகூடக் கொஞ்சம் திருந்தியது.

பழைய மாணவிகள் கூடும் நாள், மாலை நான்கு மணி. கல்லூரி ஹாலுக்கு நானும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டோம். மேடையில் டமாரம் அக்கா டிரம்ஸுக்கு நடுவில், மலை போல உட்கார்ந்திருந்தார். சித்தி கொண்டுவந்த பெட்டியைப் பார்த்ததும் அவர் சிரித்த சிரிப்பில் தோரணமே ஆடியது.

"என்னடி இது, டிபன் பாக்ஸா?"

"கேட்டுட்டுச் சொல்லு" என்றாள் சித்தி.

மைக் செட்காரர் ஒரு மைக்கைக் கொண்டுவந்து பெட்டியின் முகத்துக்கு நேராக வைத்தார். சித்தி ஒருமுறை மீட்டினாள். எங்கள் உள்ளறையில் நூலாக இருந்தது, அந்தப் பெரிய ஹால் முழுவதும் விரிந்தது. டமாரம் அக்காவின் வாய் அப்படியே திறந்து நின்றது.

"சரி, டிபன் பாக்ஸ் வரலாம்" என்றார்.

திரை விலகுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரொட்டி மாமா வந்தார். நான்தான் முந்தின வாரம் போய்க் கூப்பிட்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை. தலைமுடி இரண்டு பக்கமும் படிய வாரியிருந்தது. பேக்கரியிலிருந்து வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். காதோரத்தில் இன்னும் கொஞ்சம் மாவு இருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு முழுசாக் கேக்கப்போறேன்" என்று என் காதில் சொன்னார்.

முதல் பாட்டு முழுவதும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். இரண்டாவது பாட்டு தொடங்கியது. டமாரம் அக்கா டிரம்ஸைப் போட்டு வெளுத்து வாங்கினார். நாற்காலியெல்லாம் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன்.

மாமா தூங்கிவிட்டிருந்தார். தாடை நெஞ்சில் சாய்ந்திருந்தது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

மேடையிலிருந்து சித்தியும் பார்த்துவிட்டாள். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு கம்பி தப்பியது. யாரும் கவனிக்கவில்லை.

"பாட்டு கேக்கத்தானே வந்தார்?" என்று அம்மா அவரை எழுப்பக் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா" என்றேன். "தூங்கட்டும்."